எடையற்ற உலகில் இதயம்

சேலத்தை அடுத்த இளம்பிள்ளைக்குச் சென்றவர்களுக்குத் தெரியும்; அங்கே எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறியோசை கேட்கும். கஞ்சமலைக்கு அருகிலுள்ள இந்த ஊரில் சேலை நெய்வதே முக்கியத் தொழில். விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர் பெரும்பாலும் நின்றுகொண்டே இருக்கவேண்டும். பாவு நூல் அறுந்தால் உடனே முடிச்சுப் போடவேண்டும். நாடாவில் நூல் தீர்ந்தால் மாற்றவேண்டும். நாள் முழுதும் நின்றவர் மாலையில் வீடு திரும்பும்போது பாதம் கனத்திருக்கும். கணுக்கால் சற்று வீங்கியிருக்கும். பல ஆண்டுகள் இப்படி நின்று உழைத்தவர்களில் சிலருக்குக் கெண்டைக்காலில் நீல நிறக் கயிறுகள் முறுக்கிக்கொண்டதுபோல் ஏதோ புடைத்து நிற்பதைக் காணலாம். 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று மக்கள் சொல்வார்கள். உண்மையில் அவை நரம்புகள் அல்ல. அசுத்த இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகள்.

இனி, தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்திற்குச் செல்வோம். அங்கே விண்வெளி நிலையத்தில் மிதந்துகொண்டிருக்கும் வீரரைப் பாருங்கள். அவருக்கு நடப்பது நேர்மாறானது. கால்கள் மெலிந்து குச்சியாகிவிடுகின்றன. முகமோ உப்பிச் சிவந்து, சளி பிடித்தவரைப் போல் மூக்கு அடைத்துக்கொள்கிறது.

தறிக்காரரின் வீங்கிய காலுக்கும் விண்வெளி வீரரின் உப்பிய முகத்திற்கும் காரணம் ஒன்றே என்றால் நம்புவீர்களா? அந்தக் காரணம், நம் இரத்தத்திற்கும் எடை உண்டு என்பதுதான். அந்த எடை இருக்கும்போது உடல் எவ்வாறு இயங்குகிறது, அது இல்லாமற்போனால் இதயமும் இரத்தமும் மூச்சும் என்ன ஆகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இரத்தத்தின் எடை

வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உள்ளது. இதயம் ஒரு முறை துடிக்கும்போது ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்திற்கு 72 துடிப்பு என்று கொண்டால், ஒரு நிமிடத்தில் 5 லிட்டர். ஒரு நாளில் 7,000 லிட்டருக்கு மேல்! இவ்வளவையும் இறைக்கும் இதயம் நம் கைமுட்டி அளவுதான்.

இந்த இறைப்பில் மேட்டுக்கும் பள்ளத்திற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாயில், கீழ் வீட்டில் நீர் வேகமாகக் கொட்டும். மேல் வீட்டில் மெதுவாக வரும். நீர்த் தம்பத்தின் எடையே இதற்குக் காரணம். நாம் நிற்கும்போது நம் உடலிலும் ஓர் இரத்தத் தம்பம் நிற்கிறது. இதயத்தின் மட்டத்தில் தமனிகளில் சராசரி அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், அதே நேரத்தில் பாதத்தில் 190 மில்லிமீட்டர் அளவிற்கு இருக்கும். மூளையில் 75 மில்லிமீட்டர் அளவிற்குக் குறைந்திருக்கும். படுத்துக்கொண்டால் மூன்றும் ஏறத்தாழச் சமமாகிவிடும்.

படுக்கையிலிருந்து நீங்கள் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. ஆயினும் நாம் மயங்கி விழுவதில்லை. ஏன்? கழுத்துத் தமனியிலும் இதயத்தையொட்டிய பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் சற்றுக் குறைந்ததும் அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே இதயம் வேகமாகத் துடிக்கிறது. கால்களிலுள்ள இரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்கின்றன. இவையெல்லாம் சில விநாடிகளில், நம்மைக் கேட்காமலேயே நடந்துவிடுகின்றன.

கீழே இறங்கிய இரத்தம் மேலே வருவது எப்படி? கால் சிரைகளில் ஒருவழிக் கதவுகளைப் போன்ற வால்வுகள் இருக்கின்றன. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது சிரையைப் பிழிகிறது; இரத்தம் மேலேறுகிறது. தசை தளரும்போது வால்வு மூடிக்கொள்வதால் அது கீழே திரும்ப முடிவதில்லை. இதனால்தான் கெண்டைக்கால் தசையை 'இரண்டாவது இதயம்' என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவர் மிதிக்கட்டையை மாற்றி மாற்றி மிதிக்கும்போது இந்த இரண்டாவது இதயம் வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஒரே இடத்தில் அசையாமல் நிற்பவருக்கோ அது ஓய்ந்துவிடுகிறது. இரத்தம் தேங்குகிறது, சிரை விரிகிறது, வால்வு சரியாக மூடாமற்போகிறது.

ஆக, நம் இதயம், இரத்தக் குழாய்கள், தசைகள் எல்லாம் பூமியின் ஈர்ப்போடு ஓயாது மல்லுக்கு நிற்கின்றன. திடீரென்று எதிராளி காணாமற்போனால்?

கயிறறுந்த வாளி

அதற்குமுன் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். விண்வெளி நிலையம் இருக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. தரையில் உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் இருக்கிறது. பின் ஏன் வீரர்கள் மிதக்கிறார்கள்?

கிணற்றில் நீர் சேந்தும்போது நிறைந்த வாளியின் கயிறு அறுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியும் விழுகிறது, அதிலுள்ள நீரும் அதே வேகத்தில் விழுகிறது. எனவே விழும் நேரத்தில் நீர் வாளியின் அடிப்பாகத்தை அழுத்துவதில்லை. விண்வெளி நிலையமும் இத்தகைய கயிறறுந்த வாளியே. அது பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டிலும் விரைவதால், தரையில் மோதாமல் பூமியைச் சுற்றிக்கொண்டே விழுகிறது. உள்ளே இருக்கும் மனிதரும் அவருடைய இரத்தமும் சேர்ந்தே விழுகின்றன.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் சிறு துளையிட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடி வைத்தால் துளை வழியே நீர் பீறிடும். இப்போது பாட்டிலை உயரத்திலிருந்து கீழே விடுங்கள். விழும் நேரத்தில் நீர் வருவது நின்றுவிடும்! நீர்த் தம்பத்தின் அழுத்தம் அந்தக் கணத்தில் மறைந்துவிட்டதே காரணம். விண்வெளி வீரரின் உடலில் நாட்கணக்கில், மாதக்கணக்கில் நடப்பது இதுதான்.

சல்யூட்டில் ஓர் இதய மருத்துவர்

1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் இந்திய விமானப் படையைச் சேர்ந்த ராகேஷ் சர்மா, சோவியத் வீரர்கள் யூரி மாலிஷெவ், கென்னடி ஸ்திரெக்காலவ் ஆகியோருடன் சோயுஸ் டி-11 விண்கலத்தில் புறப்பட்டார். விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியர் அவரே. அவர்கள் சல்யூட்-7 நிலையத்தை அடைந்தபோது அங்கே ஏற்கெனவே மூவர் தங்கியிருந்தனர். அவர்களில் ஒருவரான ஓலெக் ஆட்கோவ் ஓர் இதய மருத்துவர்! எடையற்ற நிலையில் இதயம் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கூடவே இருந்து கவனிப்பதற்காகவே அவர் அனுப்பப்பட்டிருந்தார். தம் தோழர்கள் இருவருடன் அவர் 237 நாட்கள் விண்வெளியில் தங்கினார்.

ராகேஷ் சர்மாவும் தம் பயணத்தில் இதயம் பற்றிய சோதனைகளில் பங்கேற்றார். இதயத்தின் மின் துடிப்புகள் பதிவு செய்யப்பட்டன. இதயம் இரத்தத்தை உந்தும்போது, துப்பாக்கி சுட்டால் தோள் பின்னுக்கு உதைப்பதுபோல், உடலும் மிக மெல்ல அசைகிறது. அந்த அசைவும் அளக்கப்பட்டது. யோகாசனப் பயிற்சிகள் எடையற்ற நிலையில் உடலுக்கு எந்த அளவு உதவும் என்பதும் ஆராயப்பட்டது. 7 நாள் 21 மணி 40 நிமிடப் பயணத்திற்குப் பின் ஏப்ரல் 11 அன்று அவர் பூமிக்குத் திரும்பினார்.

இத்தகைய பயணங்களிலிருந்து விஞ்ஞானிகள் அறிந்துகொண்டதை இனி வரிசையாகப் பார்ப்போம்.

குறையும் இரத்தம்

எடையற்ற நிலையை அடைந்த சில மணி நேரத்திலேயே கால்களிலிருந்து இரத்தமும் பிற திரவங்களும் மார்புக்கும் தலைக்கும் ஏறுகின்றன. ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை இவ்வாறு இடம் மாறக்கூடும். கால் மெலிவதும் முகம் உப்புவதும் இதனால்தான்.

மார்பில் இரத்தம் நிறைந்திருப்பதை உணரும் உடல், 'இரத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது' என்று முடிவு கட்டிவிடுகிறது. தாக உணர்வு குறைகிறது. வீரர் குறைவாகவே நீர் அருந்துகிறார். இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா, குழாய்களிலிருந்து சுற்றியுள்ள திசுக்களுக்குக் கசிகிறது. முதல் சில நாட்களிலேயே பிளாஸ்மாவின் அளவு 10 முதல் 15 விழுக்காடு குறைந்துவிடுகிறது.

நீர் குறைந்தால் மிஞ்சிய இரத்தம் கெட்டியாகும் அல்லவா? அதையும் உடல் சரிசெய்யப் பார்க்கிறது. சிவப்பணுக்கள் அழிக்கப்படுகின்றன. முன்பெல்லாம் இது முதல் சில வாரங்களில் மட்டும் நடப்பது என்று கருதினார்கள். கனடாவின் ஒட்டாவா நகர ஆராய்ச்சியாளர்கள் 14 விண்வெளி வீரர்களை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவு வேறுவிதமாக இருந்தது. பூமியில் நம் உடல் ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்களை அழித்து, அதே அளவு புதியவற்றை உண்டாக்குகிறது. விண்வெளியிலோ ஆறு மாதமும் விநாடிக்கு 30 இலட்சம் சிவப்பணுக்கள் அழிந்துகொண்டே இருந்தன!

இதை அவர்கள் எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? வீரர்கள் வெளிவிட்ட மூச்சைக் கொண்டுதான். சிவப்பணு அழியும்போது அதிலுள்ள செந்நிறப் பொருள் சிதைகிறது. அப்போது மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு உண்டாகி மூச்சோடு வெளியேறுகிறது. மூச்சிலுள்ள அந்த வாயுவை அளந்தால் எத்தனை அணுக்கள் அழிந்தன என்று சொல்லிவிடலாம்.

இதயம் தந்த வியப்பு

மார்பில் இரத்தம் நிறைந்தால் இதயத்திற்கு வரும் சிரைகளில் அழுத்தம் கூடவேண்டும் என்றே மருத்துவர்கள் எதிர்பார்த்தனர். இதை நேரில் அளந்து பார்க்க 1991 ஜூன் மாதம் ஒரு வாய்ப்பு வந்தது. அமெரிக்க விண்வெளி ஓடத்தில் சென்ற ஆண்ட்ரூ காஃப்னி என்னும் இதய மருத்துவர், தம் கைச் சிரை வழியாக இதயத்தின் அருகே வரை செல்லும் மெல்லிய குழாயைப் பொருத்திக்கொண்டே விண்ணில் ஏறினார். எடையற்ற நிலை வந்ததும் அளவு காட்டும் கருவியைப் பார்த்தால், அழுத்தம் கூடவில்லை, குறைந்திருந்தது! ஆனால் இதயமோ முன்னைவிட அதிக இரத்தத்தால் நிரம்பியிருந்தது.

இந்தப் புதிருக்குக் கிடைத்த விளக்கம் இது. பூமியில் விலா எலும்புகளும் அவற்றின் மேலுள்ள தசைகளும் தம் எடையால் மார்பை எப்போதும் சற்று அழுத்திக்கொண்டிருக்கின்றன. எடை மறைந்ததும் மார்புக்கூடு விரிகிறது. இதயத்தின் மேல் வெளியிலிருந்து இருந்த இறுக்கம் தளர்கிறது. எனவே குறைந்த அழுத்தத்திலேயே இதயம் நன்றாக விரிந்து நிரம்பிவிடுகிறது.

இதயத்தின் வடிவமும் மாறுகிறது. 12 வீரர்களின் இதயங்களை மீயொலிக் கருவியால் படம் பிடித்துப் பார்த்தபோது, அவை பூமியில் இருந்ததைவிட 9.4 விழுக்காடு உருண்டையாகியிருந்தன. இந்த முடிவு 2014-இல் வெளியாயிற்று. பூமிக்குத் திரும்பியதும் வடிவம் பழையபடி ஆகிவிடுகிறது.

இதயம் ஒரு தசை. வேலை குறைந்தால் தசை மெலியும். 2015-16-இல் 340 நாட்கள் விண்வெளியில் தங்கிய ஸ்காட் கெல்லியின் இதய இடது கீழறை, வாரத்திற்கு ஏறத்தாழ முக்கால் கிராம் வீதம் எடை இழந்தது. அவர் வாரத்தில் ஆறு நாட்கள் உடற்பயிற்சி செய்தும் இந்த நிலை! இன்னொரு செய்தி இதைவிட விந்தையானது. பெனுவா லெகோன்ட் என்பவர் 2018-இல் பசிபிக் பெருங்கடலில் 159 நாட்கள், நாளும் பல மணி நேரம் நீந்தினார். நீரில் கிடைமட்டமாக மிதப்பவருக்கும் இரத்தத்தை மேட்டில் ஏற்றும் வேலை இல்லை. அவருடைய இதயமும் கிட்டத்தட்ட அதே வீதத்தில் மெலிந்தது. ஆயினும் இருவருடைய இதயங்களும் தம் பணியைச் சரியாகவே செய்தன என்பது ஆறுதல்.

கழுத்துச் சிரையில் ஒரு கட்டி

இதுவரை கூறியவற்றை உடலின் 'அனுசரிப்பு' என்று விட்டுவிடலாம். ஆனால் ஆபத்தும் இருக்கிறது.

பூமியில் தலையிலிருந்து வரும் இரத்தம் தன் எடையாலேயே கழுத்துச் சிரை வழியாக இதயத்திற்கு இறங்கிவிடும். விண்வெளியில் அதற்குக் 'கீழே' என்ற திசையே இல்லை. 11 வீரர்களைச் சோதித்து 2019-இல் வெளியான ஆய்வில், 6 பேருக்குக் கழுத்துச் சிரையில் இரத்தம் தேங்கியோ பின்னோக்கியோ ஓடியது கண்டறியப்பட்டது. தேங்கிய இரத்தம் உறையக்கூடும். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

உண்மையிலேயே ஒரு வீரருக்கு அவ்வாறு இரத்தக் கட்டி உண்டாகியிருந்தது. 2020-இல் மருத்துவ இதழில் வெளியான அந்தச் செய்தியில் அவர் பெயர் சொல்லப்படவில்லை. விண்வெளி நிலையத்தில் தங்கி இரண்டு மாதம் ஆனபோது, ஆய்வுக்காக எடுத்த மீயொலிப் படத்தில் தற்செயலாக அது தெரிந்தது. அவருக்கு வலியோ வேறு அறிகுறியோ இல்லை. அருகில் மருத்துவமனையும் இல்லை! பூமியிலிருந்த இரத்த உறைவு நிபுணர்கள் கூடி ஆலோசித்தனர். நிலையத்தின் மருந்துப் பெட்டியில் உறைவைத் தடுக்கும் ஊசி மருந்து ஓரளவே இருந்தது. அதைக் கணக்காகப் பயன்படுத்தி, சரக்குக் கலம் மாத்திரைகளைக் கொண்டுவரும் வரை 40 நாட்களுக்கு மேல் சமாளித்தனர். எடையற்ற நிலையில் குப்பியிலிருந்து ஊசிக்கு மருந்தை ஏற்றுவதே ஒரு வித்தை. ஏனெனில் நீர்மம் குப்பியின் அடியில் தங்காது. வீரரே கருவியைத் தம் கழுத்தில் வைத்துப் படமெடுக்க, பூமியிலிருந்து நிபுணர்கள் வழிகாட்டினர். ஆறு மாதப் பயணத்தை முடித்து அவர் நலமாகத் திரும்பினார். பின்னர் கட்டியும் மறைந்தது.

மூச்சின் கதை

சாயப் பட்டறையில் நனைத்த நூல் சிட்டத்தை மூங்கிலில் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மேற்பகுதி விரைவில் உலரும். கீழ்ப்பகுதியில் ஈரம் தேங்கியிருக்கும். நிற்கும்போது நம் நுரையீரலும் அப்படித்தான். இரத்தத்தின் பெரும்பகுதி அதன் அடிப்பாகத்திலேயே ஓடுகிறது; உச்சியில் மிகக் குறைவு. எனவே உச்சிக்கு வரும் காற்றின் ஒரு பகுதி வீணாகிறது.

விண்வெளியில் இரத்தம் நுரையீரல் முழுதும் ஓரளவு சீராகப் பரவுகிறது. 1991-ஆம் ஆண்டுப் பயணத்தில் அளந்தபோது, நுரையீரலிலிருந்து இரத்தத்திற்கு வாயு ஊடுருவும் திறன் கால் பங்குக்கு மேல் கூடியிருந்தது. அதே சமயம், வயிற்றிலுள்ள உறுப்புகள் தம் எடையை இழந்து உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், மூச்சை இயல்பாக விட்டபின் நுரையீரலில் எஞ்சும் காற்று அரை லிட்டர் அளவுக்குக் குறைந்தது. மொத்தத்தில், இதயத்தைவிட நுரையீரல் விண்வெளியை எளிதாகவே தாங்கிக்கொள்கிறது.

ஆனால் வெளியே விடும் மூச்சில் ஒரு சிக்கல். பூமியில் நாம் விடும் சூடான மூச்சு இலேசாக இருப்பதால் மேலே எழுந்து போய்விடுகிறது. எடையே இல்லாத இடத்தில் இலேசானது, கனமானது என்ற வேறுபாடு ஏது? தூங்கும் வீரரின் முகத்தருகே அவர் விட்ட கரியமில வாயு அப்படியே தேங்கி நிற்கும். தூக்கத்திலும் தலைவலியும் மூச்சுத் திணறலும் வரும். எனவே விண்வெளி நிலையத்தில் மின்விசிறிகள் இரவும் பகலும் ஓடியே தீரவேண்டும்.

திரும்பி வரும் நாள்

எடையின்றி வாழ உடல் கற்றுக்கொண்டுவிட்டது. சிக்கல் முழுதும் வெளிப்படுவது பூமியில் கால் வைக்கும்போதுதான். இரத்தம் குறைந்திருக்கிறது, கால் தசைகள் மெலிந்திருக்கின்றன, குழாய்களை இறுக்கும் பழக்கம் மறந்துவிட்டது. எழுந்து நின்றதும் இரத்தம் கால்களுக்கு இறங்கும், மூளைக்குப் போதாது, கண் இருளும்.

1970 ஜூன் மாதம் சோவியத் வீரர்கள் நிக்கோலாயெவ், செவஸ்தியானோவ் இருவரும் சோயுஸ்-9 கலத்தில் ஏறத்தாழ 18 நாட்கள் இருந்து திரும்பினர். கலம் மிகச் சிறியது. போதிய உடற்பயிற்சிக்கு வழியில்லை. இறங்கியபின் அவர்களால் நடக்க முடியவில்லை. மற்றவர்கள் தாங்க வேண்டியிருந்தது. தேறிவரப் பல நாட்கள் ஆயின. நீண்ட பயணத்தை மனித உடல் தாங்குமா என்ற கேள்வியே அன்று எழுந்தது.

அந்தப் பாடத்திற்குப் பின் பல வழிகள் காணப்பட்டன. வீரர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். மிதந்து போய்விடாமல் இழுவார்களால் உடலைக் கட்டிக்கொண்டு ஓடுபட்டையின் மேல் ஓடுகிறார்கள். ரஷ்யர்கள் 'சிபிஸ்' என்னும் கால்சட்டையைப் பயன்படுத்துகிறார்கள். அதனுள் காற்றழுத்தத்தைக் குறைத்தால் இரத்தம் கால்களை நோக்கி இழுக்கப்படுகிறது. திரும்புவதற்குச் சில மணி நேரம் முன்பு உப்பு மாத்திரையுடன் நிறைய நீர் அருந்துவதும் உண்டு. வயிற்றுப்போக்கு வந்தவருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் தருகிறோமே, அதைப் போன்ற தந்திரம்தான் இது: உப்பு நீரை உடலில் பிடித்துவைக்கும். கால்களை இறுக்கும் உடையும் உண்டு. நரம்பு சுருட்டியவர்களுக்கு மருத்துவர் தரும் இறுக்கமான காலுறையின் நெருங்கிய உறவினர் அது!

2025 ஜூன் 25 அன்று புறப்பட்ட இந்தியர் சுபான்ஷு சுக்லா, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கி, 20 நாள் பயணத்தை முடித்து ஜூலை 15 அன்று திரும்பினார். 1970-இல் இருவரைப் படுக்கவைத்த பயணத்தைவிட இது சற்று நீண்டதே. அவரோ மீட்புக் குழுவினர் கைகொடுக்க, கலத்திலிருந்து புன்னகையுடன் வெளியே வந்து நின்றார். பின்னர் சில நாட்கள் மருத்துவர்களின் கண்காணிப்பில் நடைப் பயிற்சி எடுத்துக்கொண்டார்.

கட்டிலிலும் விண்வெளி

நிலவின் மண்ணைப் போன்ற மண் வேண்டும் என்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தேடியபோது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள் அதற்குக் கைகொடுத்தன. அவற்றை அரைத்துச் செய்த மண்ணில் சந்திரயான்-2 தரையிறங்கும் கலத்துக்கான சோதனைகள் நடந்தன. மண்ணைச் செய்துவிடலாம்; எடையின்மையைத் தரையில் நாட்கணக்கில் செய்ய முடியுமா? அதற்கும் ஒரு வழி உண்டு. அதுதான் கட்டில்!

விண்வெளியிலிருந்து திரும்பிய சோவியத் வீரர்கள் இரவில் படுத்ததும், கால்மாட்டின் பக்கம் சறுக்கிப் போவதுபோல் இருக்கிறது என்றார்கள். கால்மாட்டைச் சற்று உயர்த்தியதும் சரியாயிற்று. இதிலிருந்தே, தலை 6 பாகை தாழ்ந்த கட்டிலில் படுக்கவைத்தால் விண்வெளியில் நடப்பதுபோலவே இரத்தம் மேலேறும் என்ற எண்ணம் பிறந்தது. இன்றும் தொண்டர்களை வாரக்கணக்கில் அவ்வாறு படுக்கவைத்து ஆராய்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சியின் பயன் விண்வெளி வீரர்களுக்கு மட்டும் உரியதன்று. 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், உடல்நலம் மிக்க 20 வயது இளைஞர் ஐவரை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அவர்களின் உழைக்கும் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. 30 ஆண்டுகள் கழித்து, அதே ஐவர் 50 வயதை எட்டியபோது மறுபடியும் சோதித்தனர். 30 ஆண்டு முதுமை செய்த கேட்டைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேடே பெரிதாக இருந்தது!

அறுவைச் சிகிச்சை ஆன மறுநாளே 'எழுந்து நாலடி நடங்கள்' என்று மருத்துவர் ஏன் சொல்கிறார் என்று இப்போது விளங்கும். நம் வீட்டில் பாட்டிக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டால், காய்ச்சல் போனபின்னும் எழுந்ததும் தலை சுற்றுகிறது என்பார். அவருடைய உடலும் ஒருவகையில் விண்வெளிக்குப் போய்வந்திருக்கிறது. அவரைத் திடீரென்று எழுப்பக்கூடாது. முதலில் கட்டிலில் உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிட்டுச் சற்று ஆட்டச் சொல்லி, பிறகு கைத்தாங்கலாக நிற்கவைக்க வேண்டும். மருத்துவர் தடுக்காதவரை நாளும் சிறிது நேரம் நடக்கவைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. ஒரு கையைத் தொங்கவிட்டு, மறு கையைத் தலைக்குமேல் தூக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். பிறகு இரண்டையும் அருகருகே நீட்டி உடனே பாருங்கள். தொங்கிய கையின் புறங்கையில் சிரைகள் புடைத்திருக்கும். தூக்கிய கையில் வடிந்து வெளுத்திருக்கும். இரத்தத்தின் எடையைக் கண்ணாலேயே கண்டுவிட்டீர்கள்!

2. ஐந்து நிமிடம் பாயில் அமைதியாகப் படுத்திருங்கள். நண்பர் ஒருவர் உங்கள் மணிக்கட்டில் நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணட்டும். பிறகு எழுந்து நின்றதும் மீண்டும் எண்ணச் சொல்லுங்கள். நிற்கும்போது எத்தனை துடிப்பு கூடுகிறது? வகுப்பில் பத்துப் பேருக்கு இப்படி எண்ணி அட்டவணை போடுங்கள். விண்வெளி மருத்துவர்களும் திரும்பி வந்த வீரர்களுக்கு இதே சோதனையைச் செய்கிறார்கள்.

நாளைய பயணம்

ககன்யான் திட்டத்தில் இந்திய வீரர்களை இந்தியாவின் கலத்திலேயே 400 கிலோமீட்டர் உயரத்திற்கு அனுப்பி, மூன்று நாட்கள் வரை தங்கவைக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டன. அவர்களில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நால்வரின் உடல்நிலையும் பெங்களூரிலுள்ள விமானப் படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் சோதிக்கப்பட்டது. மூன்று நாள் என்பது சிறிய காலமாகத் தோன்றலாம். ஆனால் திரவங்கள் தலைக்கு ஏறுவதும் பிளாஸ்மா குறைவதும் பெரும்பாலும் அந்த முதல் மூன்று நாட்களுக்குள்ளேயே நடந்துவிடுகின்றன என்பதை மறக்கவேண்டாம். எனவே மருத்துவர்களுக்கு அந்த நாட்களே முக்கியம்.

அதற்கப்பால் நிலவு இருக்கிறது. அங்கே ஈர்ப்பு பூமியில் உள்ளதைப்போல் ஆறில் ஒரு பங்கு. 1969 முதல் 1972 வரை நிலவில் இறங்கியவர்கள் அதிகம் தங்கியதே மூன்று நாட்கள்தாம். அந்த ஆறில் ஒரு பங்கு எடை, மாதக்கணக்கில் அங்கு வாழப்போகும் மனிதரின் இதயத்தை வலுவாக வைத்திருக்கப் போதுமா? இதற்கு உலகில் எவரும் இன்னும் விடை காணவில்லை. இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் உங்களில் ஒருவர் மருத்துவராகவோ பொறியியல் வல்லுநராகவோ ஆகி அந்த விடையைத் தேடலாம்.

அதுவரை நமக்கு ஒரு பாடம் போதும். பூமி நம்மைக் கீழே இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் நம் இதயம் வலிமையோடு இருக்கிறது. அதோடு மல்லுக்கு நிற்கும் வேலையை, நடந்தும் ஓடியும் விளையாடியும், நாளும் அதற்குக் கொடுங்கள். நாள் முழுதும் தறியருகில் நிற்கும் அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருந்தால், இடையிடையே குதிகாலை உயர்த்தித் தாழ்த்தச் சொல்லுங்கள். வீடு வந்ததும் சற்று நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். காலில் தேங்கிய இரத்தம் இதயத்திற்குத் திரும்பட்டும்.